காக்பிட்டுக்குள் யாருக்குத் 'தகுதி'?

இடஒதுக்கீட்டைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் கடைசியில் ஒருவர் இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வருவார்: "கோட்டாவில் வந்த பைலட் ஓட்டுற ஃபிளைட்ல நீங்க ஏறுவீங்களா?" கல்லூரி விவாத மேடையில் கேட்டிருப்பீர்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சிரிப்புப் பொம்மையோடு சுற்றி வந்திருக்கும். நம் மாணவர்கள் பலர் இந்த இடத்தில் வாயடைத்துப் போவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாயிற்றே, எதிர்த்துப் பேசினால் நாமே தவறாகத் தெரிவோமோ என்ற தயக்கம்.

தயங்க வேண்டியதில்லை தோழர்களே. இந்தக் கேள்வியைக் கேட்பவருக்கு ஒரு பைலட் எப்படி உருவாகிறார் என்று தெரியாது. நமக்குத் தெரிந்திருந்தால் போதும், கேள்வி அவர் பக்கமே திரும்பிவிடும்.

2025 ஜூன் மாதம் வந்த ஒரு செய்தியை நினைவுபடுத்திக்கொள்வோம். பெரிய விமான நிறுவனம் ஒன்றின் பயிற்சி விமானியான தலித் இளைஞர் பெங்களூரு காவல்துறையில் புகார் கொடுத்தார். குருகிராமில் உள்ள நிறுவன அலுவலகத்தில் நடந்த கூட்டத்தில், விமானம் ஓட்ட உனக்குத் தகுதியில்லை, போய் செருப்புத் தை என்ற பொருளில் அதிகாரிகள் பேசினார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. நடந்தது என்ன என்பதை விசாரணையும் நீதிமன்றமும் சொல்லட்டும். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த நம்மில் யாருக்கும் அது புதிதாகத் தெரியவில்லை. செருப்புத் தைப்பதற்கும் விமானம் ஓட்டுவதற்கும் நடுவே உள்ள தூரத்தை இந்தச் சமூகம் பிறப்பை வைத்துத்தான் அளக்கிறது. அந்த அளவுகோலுக்கு இப்போது 'ஆப்டிட்யூட்' என்று நாகரிகமான பெயர் ஒன்று கிடைத்திருக்கிறது.

200 மணி நேரத்தில் கோட்டா கிடையாது

முதலில் அந்த வாட்ஸ்அப் கேள்விக்குப் பதில். இந்தியாவில் வணிக விமானி உரிமம் வாங்கக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். ஏர் நேவிகேஷன், வானிலையியல், ஏர் ரெகுலேஷன், டெக்னிக்கல் தாள்களை எழுதித் தேற வேண்டும். ரேடியோ உரிமம் வேண்டும். பறந்து காட்டித் தேர்வாக வேண்டும். பிறகு ஏர்பஸ்ஸோ போயிங்கோ எந்த விமானத்தை ஓட்டப் போகிறோமோ அதற்கான டைப் ரேட்டிங். வேலையில் சேர்ந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் உட்காரவைத்துச் சோதிப்பார்கள். ஒரு இன்ஜின் நின்றுபோனால் என்ன செய்வாய் என்று பார்ப்பார்கள். அந்த சிமுலேட்டருக்கு சாதிச் சான்றிதழ் படிக்கத் தெரியாது.

இடஒதுக்கீடு எங்கே இருக்கிறது? உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் 1985-இல் தொடங்கிய இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி போன்ற அரசுப் பயிற்சி நிறுவனத்தின் சேர்க்கையில் இருக்கிறது. அதாவது வாசலில் நுழைவதற்கு மட்டும். உள்ளே போனபின் எல்லோருக்கும் அதே வானம், அதே ஓடுபாதை.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 2011-இல் போலி மதிப்பெண் சான்று கொடுத்து உரிமம் வாங்கியதாக விமானிகள் சிலர் கைது செய்யப்பட்டார்கள். பறக்காத மணி நேரத்தைப் பறந்ததாகக் கணக்கு எழுதிய விவகாரத்தில் ராஜஸ்தானில் ஒரு பறப்புப் பள்ளி சிக்கியது. அங்கே விலைபோனது இடஒதுக்கீடு இல்லை, பணம் கொடுத்து வாங்கிய காகிதம். "காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கின பைலட் ஓட்டுற ஃபிளைட்ல ஏறுவீங்களா?" என்று அன்றைக்கு யாரும் மீம் போடவில்லை. அடுத்த முறை நீங்கள் கேளுங்கள்.

உண்மையான கோட்டா

விமானி வேலைக்கு ஒரு கோட்டா இருக்கிறது. அது பணக்காரர்களின் கோட்டா. உரிமம் வாங்கும் வரையிலான பயிற்சிக்கு இன்று 50 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது. டைப் ரேட்டிங்குக்கு மேலும் பல லட்சம். விமான நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தப்படும் கேடட் திட்டங்களில் மொத்தச் செலவு ஒரு கோடியைத் தொடுகிறது.

வங்கியில் கல்விக் கடன் வாங்கலாமே என்பார்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி ஈடு கேட்கும். நம் குடும்பங்களிடம் ஈடு வைக்க என்ன இருக்கிறது? ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மூன்று சென்ட் இலவச மனைப்பட்டா இருக்கிறது. பஞ்சமி நிலம் நம் கையில் தங்கியிருந்தால் கதை வேறு. அதைப் பிடுங்கிக்கொண்ட ஊர்தான் இன்று நம்மிடம் ஈடு கேட்கிறது.

ஒன்றிய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் பட்டியல் சாதி மாணவர்களின் விமானிப் பயிற்சிக்கும் இடம் உண்டு. தனியார் பறப்புக் கழகத்தில் படித்தால் ஆண்டுக்கு 3.72 லட்சம் ரூபாய் வரை. இரண்டு ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 7.44 லட்சம். 50 லட்சத்துக்கு அது எத்தனை மணி நேரப் பறப்பு? மிச்சத்துக்கு எங்கே போவது? ஆற்றின் பாதி வரை பாலம் கட்டிவிட்டு, அக்கரைக்கு யாரும் வரவில்லையே என்று வியப்பதைப் போன்ற திட்டம் இது.

நம் மாநிலத்துக்கு வருவோம். தாட்கோ நம் பிள்ளைகளுக்கு கேபின் க்ரூ, விமானப் பயணிகள் சேவை போன்ற பயிற்சிகளைத் தன் செலவில் தருகிறது. அதில் படித்து வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் தங்கை தம்பிகளை நாம் கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அரசின் கற்பனை ஏன் காக்பிட் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது? கேரளத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் விமானிப் பயிற்சிக்கு நிதி தரும் 'விங்ஸ்' திட்டம் இருக்கிறது. சமூகநீதியை மூச்சுக்கு மூச்சு பேசும் தமிழ்நாட்டுக்கு அது எட்டாத உயரமா?

அண்ணல் அம்பேத்கர் 1942-இல் பிரிட்டிஷ் அரசுக்குக் கொடுத்த மனுவில் இதைத்தான் சுட்டிக்காட்டினார். கலையும் சட்டமும் மட்டும் படித்தால் நம் மக்களுக்குப் போதாது, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி வேண்டும், அதன் செலவு நம் சக்திக்கு அப்பாற்பட்டது, ஆகவே அரசு ஏற்க வேண்டும் என்று வாதாடினார். 80 ஆண்டு தாண்டியும் அதே மனுவை நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆப்டிட்யூட் என்பது என்ன?

பணம் என்ற சுவரைத் தாண்டினால் அடுத்து வருவது ஆப்டிட்யூட் தேர்வு. கம்பாஸ், பிலாப்ட், அடாப்ட் என்று பல பெயர்களில் தேர்வுகள் உண்டு. உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒன்றுதான். திரையில் ஒரு புள்ளி ஓடிக்கொண்டே இருக்கும். ஜாய்ஸ்டிக்கால் அதை நடுவில் பிடித்து வைக்க வேண்டும். காலால் பெடலை மிதித்து இன்னொரு கோட்டை நேராக்க வேண்டும். அதே நேரம் காதில் எண்கள் கேட்கும். சொன்ன எண் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். சில நொடி காட்டி மறைத்த எண்களைத் திரும்பச் சொல்ல வேண்டும். கருவிகளின் படத்தைப் பார்த்து விமானம் எந்தத் திசையில் திரும்புகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மனக்கணக்கு போட வேண்டும்.

இதைப் பிறவித் திறன் என்கிறார்கள். ஐந்து வயதில் வீடியோ கேம் கன்ட்ரோலர் கையில் கிடைத்த பிள்ளையும், தேர்வு அறையில்தான் முதல்முறையாக ஜாய்ஸ்டிக்கைத் தொடும் பிள்ளையும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்காருகிறார்கள். ஒருவருக்கு 90, இன்னொருவருக்கு 55. அந்த வித்தியாசம் பிறவியில் வந்ததா, பழக்கத்தில் வந்ததா?

ஒரே மாதிரியான தேர்வைத் திரும்பத் திரும்பச் செய்தால் மதிப்பெண் ஏறும். உளவியலில் இதற்குப் பயிற்சி விளைவு என்றே பெயர் இருக்கிறது. பயிற்சியால் மாறாத பிறவிக் குணம் என்றால் ஆப்டிட்யூட் தேர்வுக்கு ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு கோச்சிங் மையங்கள் எப்படி ஓடுகின்றன? மாதிரித் தேர்வு மென்பொருளை யார் வாங்குகிறார்கள்? பணம் உள்ளவர்களுக்கு இந்த ரகசியம் தெரியும். நமக்கு மட்டும் அது 'ரத்தத்தில் வரணும்' என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இந்திய விமானப் படையின் விமானித் தேர்வில் இன்னும் கடுமை. அங்கே கணினி வழி விமானித் தேர்வை வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் எழுத முடியும். அதில் தவறினால் விமானப் படையில் விமானி ஆகும் கதவு நிரந்தரமாக மூடிவிடும். செலவில்லாமல் பறக்கக் கற்றுக்கொள்ள ஏழைப் பிள்ளைக்கு இருக்கும் பெரிய வழி அதுதான். அந்த ஒற்றை வாய்ப்பில்தான் அவர் முதல்முறையாக ஜாய்ஸ்டிக்கைத் தொட வேண்டும் என்றால், அதைச் சமமான போட்டி என்று எப்படி அழைப்பது?

'திறமை இல்லை' என்று ஏற்கெனவே சொன்னவர்கள்

அமெரிக்காவின் கறுப்பின மக்களுக்கும் இதே வார்த்தைதான் சொல்லப்பட்டது. 1925-இல் அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரி தயாரித்த அறிக்கை, கறுப்பர்கள் மூளைத்திறனிலும் துணிச்சலிலும் குறைந்தவர்கள் என்று எழுதியது. அதற்கு முன்பே, 1921-இல், பெஸ்ஸி கோல்மன் என்ற கறுப்பினப் பெண் விமானி உரிமம் வாங்கியிருந்தார். சொந்த நாட்டின் பறப்புப் பள்ளிகள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் பிரெஞ்சு மொழி கற்று, பிரான்சுக்குப் போய்ப் பறக்கக் கற்றார். 1941 முதல் டஸ்கீகியில் ஏறத்தாழ ஆயிரம் கறுப்பின விமானிகள் பயிற்சி பெற்று வெளியே வந்தார்கள். இல்லாத திறமை திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஓடுபாதையும் விமானமும் கிடைத்தன, அவ்வளவுதான்.

மார்லன் கிரீனின் கதையை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும். அமெரிக்க விமானப் படையில் விமானியாக இருந்தவர். 1957-இல் கான்டினென்டல் ஏர்லைன்ஸ் வேலைக்கு விண்ணப்பித்தபோது 'இனம்' என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டார். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. நேரில் பார்த்தார்கள். அவரைவிடக் குறைந்த பறப்பு அனுபவம் கொண்ட வெள்ளையர்களை எடுத்துக்கொண்டு அவரை விட்டுவிட்டார்கள். நிறத்தைத் தவிர வேறு காரணமில்லை என்று கொலராடோ மாநில ஆணையம் கண்டறிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1963 ஏப்ரலில் ஒருமனதாக கிரீனுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 1965-இல் அதே நிறுவனத்தின் விமானத்தில் விமானியாக ஏறினார்.

காகிதத்தில் கிரீன் தேறியிருந்தார். நேர்காணல் அறையில்தான் அவர் 'தகுதியிழந்தார்'.

நேர்காணல் அறையில் நடப்பது

நம் பிள்ளைகளின் விண்ணப்பத்தில் இனக் கட்டம் இருக்காது. சர்நேம் கட்டம் இருக்கும். தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இனிஷியல்தான் உண்டு. "ஃபுல் நேம் என்ன? சர்நேம் என்ன? அப்பா என்ன பண்றார்? எந்த ஸ்கூல்?" என்று கேள்விகள் வரும். கேட்பவர் சாதாரணமாகக் கேட்பதாகவே நினைத்துக்கொள்ளலாம். பதிலிலிருந்து கிடைப்பது என்ன என்று நமக்குத் தெரியும். கடைசியில் 'கல்ச்சர் ஃபிட் இல்லை', 'கம்யூனிகேஷன் போதாது', 'கான்ஃபிடன்ஸ் குறைவு' என்று ஒரு வரி. அந்த வரிக்கு மதிப்பெண் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது.

விமானி நேர்காணலில் தவறாமல் வரும் ஒரு கேள்வி இருக்கிறது: "கேப்டன் தவறு செய்கிறார் என்று தெரிந்தால் நீ என்ன செய்வாய்?" இந்தக் கேள்விக்குப் பின்னால் ரத்தம் இருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் விமான நிலையத்தில் மூடுபனிக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிரே ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருக்கிறதோ என்று கேஎல்எம் விமானத்தின் ஃபிளைட் இன்ஜினியர் சந்தேகத்தோடு கேட்டார். நிறுவனத்தின் பெரிய கேப்டன் அதைத் தள்ளிவிட்டு வேகமெடுத்தார். 2010 மே 22 அன்று மங்களூருவில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடி 158 பேர் இறந்தார்கள். இறங்க வேண்டாம், மறுபடி மேலே எழும்பலாம் என்று துணை விமானி சொன்னதும், கேப்டன் தொடர்ந்து இறக்கியதும் விசாரணை அறிக்கையில் பதிவாகியிருக்கின்றன.

இதனால்தான் இன்று உலகம் முழுவதும் விமானிகளுக்கு க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் என்று ஒரு பாடம் நடத்துகிறார்கள். பெரியவர் சொன்னால் சின்னவர் வாய்மூடி இருக்க வேண்டும் என்ற பழக்கம் விமானத்தைக் கீழே போட்டுவிடும் என்பதே அதன் சாரம். யோசித்துப் பாருங்கள். மேலே இருப்பவனைக் கேள்வி கேட்காதே என்று ஈராயிரம் ஆண்டாகச் சொல்லிக்கொடுக்கும் அமைப்பின் பெயர் சாதி. அதை எதிர்த்துப் பேசிப் பழகியவர்கள் நாம். ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்கவும், தேநீர்க் கடையில் அதே கண்ணாடி டம்ளரைக் கேட்டு வாங்கவும் போராடியவர்களின் பேரப்பிள்ளைகள். அதிகாரத்தின் முன்னால் பதறாமல், தெளிவாக, உரிய நேரத்தில் "இது தவறு" என்று சொல்லும் பழக்கம் ஒரு காக்பிட்டுக்கு வேண்டிய தகுதி என்றால், அது நம் சேரிகளில் நிறைய இருக்கிறது.

எப்படித் தயாராவது?

கோபம் மட்டும் போதாது. இந்தத் தேர்வுகளுக்குப் படிக்க முடியும், பழக முடியும்.

ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் மருத்துவச் சோதனையை முடியுங்கள். நிறக்குருடு போன்ற ஒரு காரணத்தால் பின்னால் தடை வந்தால் குடும்பம் கடனில் மூழ்கிவிடும். முதலில் இரண்டாம் வகுப்பு மருத்துவம், பிறகு முதல் வகுப்பு.

மனக்கணக்கை இன்றே தொடங்குங்கள். 480 நாட் வேகத்தில் போகும் விமானம் நிமிடத்துக்கு 8 கடல் மைல் போகும். 30,000 அடி இறங்க வேண்டுமென்றால் ஆயிரத்துக்கு 3 மைல் வீதம் ஏறத்தாழ 90 மைலுக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். 250 டிகிரிக்கு எதிர்த்திசை என்ன? 200 கழித்து 20 கூட்டினால் 70. இவற்றை எங்கள் மாலைநேர வகுப்பின் கரும்பலகையிலேயே சொல்லிக்கொடுக்க முடிகிறது. தினமும் அரை மணி நேரம், ஸ்டாப்வாட்ச் வைத்துப் போடுங்கள்.

நான்கைந்து பேர் சேர்ந்து பணம் போட்டு ஒரு சாதாரண ஜாய்ஸ்டிக் வாங்குங்கள். இலவச மாதிரித் தேர்வுகள் இணையத்தில் கிடைக்கின்றன. சென்னை விமான நிலையத்தின் வானிலை அறிக்கையை தினமும் எடுத்து, காற்றின் திசை, வேகம், பார்வைத் தூரம், மேக உயரம் என்று பிரித்துப் படியுங்கள். ஆங்கிலம் சத்தமாகப் பேசினால்தான் வரும். கான்வென்ட் உச்சரிப்பு தேவையில்லை. ரேடியோவில் தெளிவும் நிதானமும்தான் வேண்டும்.

நேர்காணலில் அப்பாவின் வேலையைக் கேட்டால் மறைக்காதீர்கள். "அப்பா தூய்மைப் பணியாளர்" என்று தலைநிமிர்ந்து ஒரு வரியில் சொல்லிவிட்டு உங்கள் பறப்புப் பயிற்சிக்குப் பேச்சைத் திருப்புங்கள். தலைமைப் பண்புக்கு உதாரணம் கேட்டால் கிரிக்கெட் கேப்டன் கதை வேண்டாம். வெள்ளத்தின்போது தெருவையே வெளியேற்றியது, இரவுப் பாடசாலை நடத்தியது, விடுதிச் சாப்பாட்டுக்காக வார்டனிடம் பேசித் தீர்த்தது, இவையெல்லாம் நீங்கள் உண்மையில் செய்தவை. என்ன நிலைமை, நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், என்ன விளைந்தது என்று வரிசையாகச் சொல்லுங்கள்.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் அன்றைக்கே தேதி, நேரம், பேசியவர், பேசிய வார்த்தை எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். தனியாகச் சுமக்காதீர்கள், அமைப்புக்குச் சொல்லுங்கள்.

நாம் கேட்பது

ஏர் இந்தியா அரசிடம் இருந்தவரை விமானி வேலை அறிவிப்பில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 2022 ஜனவரி 27 அன்று அது டாடாவிடம் போனது. அன்றோடு நாட்டின் பெரிய காக்பிட்களில் இடஒதுக்கீடு முடிந்தது. நஷ்டக் கணக்கை மட்டுமே எல்லோரும் பேசினார்கள். நாம் இழந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

தனியார் நிறுவனம், எங்கள் விருப்பம் என்று சொல்ல இவர்களுக்கு உரிமை இல்லை. இவர்களின் விமானம் இறங்குவது மக்களின் நிலத்தில். பரந்தூரில் இன்னொரு விமான நிலையத்துக்காக ஏகனாபுரம் மக்கள் தங்கள் வீட்டையும் வயலையும் காக்க 2022 முதல் போராடுகிறார்கள். உடான் திட்டத்தில் சிறு ஊர்களுக்குப் பறக்க அரசுப் பணம் மானியமாகப் போகிறது. நிலமும் வரிப்பணமும் பொதுவென்றால் வேலையும் பொதுவாக வேண்டும். 'சூரரைப் போற்று' பார்த்து எளியவர்கள் விமானத்தில் ஏறுவதற்குக் கைதட்டினோம். அவர்கள் முன்னிருக்கையில் உட்கார்ந்து ஓட்டுவதற்கு எப்போது கைதட்டப் போகிறோம்?

தமிழ்நாடு அரசே, உரிமம் முதல் டைப் ரேட்டிங் வரை முழுச் செலவையும் ஏற்கும் திட்டத்தை தாட்கோ வழியாகக் கொண்டு வா. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் கணினியும் ஜாய்ஸ்டிக்கும் வைத்து இலவச ஆப்டிட்யூட் பயிற்சி கொடு. ஒன்றிய அரசே, தனியார் விமான நிறுவனங்களில் இடஒதுக்கீட்டைச் சட்டமாக்கு. பெண் விமானிகள் சுமார் 15 சதவீதம் என்று பெருமையோடு எண்ணிச் சொல்கிறாய். பட்டியல் சாதி, பழங்குடி விமானிகள் எத்தனை பேர் என்றும் எண்ணிச் சொல். விமான நிறுவனங்களே, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள், ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண் போடுங்கள், நிராகரித்தால் காரணத்தை எழுதிக் கொடுங்கள்.

மாணவத் தோழர்களே, நீங்கள் விமானி ஆகப் போவதில்லை என்றாலும் இந்தக் கோரிக்கை உங்களுடையது. உங்கள் விடுதியில், உங்கள் தெருவில், பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படிக்கும் ஒரு பெண்ணையோ பையனையோ தேடிப் பிடியுங்கள். பைலட் ஆகலாம் என்று அவர்களிடம் இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள்.

ஜெய்பீம்!